எங்கள் கட்டம் பச்சை

கோத்தகிரி,
ஞாயிறு காலை

அன்புள்ள கலா,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாத பாவி நான்தான். திட்டுவதை நேரில் வந்து திட்டு. வருவதென்றால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வா. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு அதுதான் சட்டம். பிறந்த ஊர் என்று செக்போஸ்ட்டில் அழுதால் விடமாட்டார்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. வியாழக்கிழமை ராத்திரி வீட்டுக்குப் பின்னாலிருந்த தடுப்புச் சுவர் விழுந்துவிட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை, பயப்படாதே. இரண்டு நாள் முன்பே சுதாரித்திருக்க வேண்டும். ஊற்றிலிருந்து வரும் குழாயில் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வந்தது. அம்மா குடத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு, "மேலே மண்ணு நகருது" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டரில் மலை எங்கே நலிந்திருக்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

வேலை இதுதான். கோவையை நடுவில் வைத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து பொள்ளாச்சி வரை, பக்கத்து மலைச்சரிவுகளையும் சேர்த்து, இருபது வருடத்தில் சூழல் எங்கே எவ்வளவு நலிந்திருக்கிறது என்று கணக்குப் போடுவது. லேண்ட்சாட் என்ற சாட்டிலைட் எடுக்கும் படத்தில் ஒரு கட்டம் என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர். சரிவு, மழை, பச்சை, தரைச்சூடு, கட்டட நெருக்கம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பெண் போட்டு, எது எவ்வளவு முக்கியம் என்று நாமே எடை வைத்து, கூட்டி, ஐந்து நிறமாகப் பிரிப்போம். நலிவு மிகக் குறைவென்றால் கரும்பச்சை, மிக அதிகமென்றால் சிவப்பு. சூட்சுமம் எல்லாம் அந்த எடையில்தான். சரிவுக்குக் கொஞ்சம் குறைத்துக் கட்டடத்துக்குக் கூட்டினால் போதும், மலை தப்பித்து ஊர் சிவந்துவிடும்.

எங்கள் வீட்டுக் கட்டம் பச்சை. சாதாரணப் பச்சைகூட இல்லை, கரும்பச்சை. நலிவு மிகக் குறைவாம்.

ஏன் தெரியுமா? என்.டி.வி.ஐ. என்றொரு குறியீடு. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டு எவ்வளவு இலை இருக்கிறது என்று சொல்லும். என்ன இலை என்று அதற்குக் கவலையில்லை. சோலையும் இலை, தேயிலையும் இலை, வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரமும் இலை. புல்வெளியைச் சீகை மூடினால் மதிப்பெண் ஏறும். பனியில் கருகிக் கிடக்கும் நம் புல்வெளியை ஜனவரியில் படம் எடுத்தால் பொட்டல் என்று எழுதிவிடும். உன் கதை இன்னும் வேடிக்கை. நீ கொசுவலைக்குள் உட்கார்ந்து திட்டுகிறாயே, அந்தச் சிங்காநல்லூர் குளம், ஆகாயத்தாமரை மூடிய இடமெல்லாம் சாட்டிலைட்டுக்கு நந்தவனம். வாழ்த்துகள்.

முதல் மாதம் நான் அடித்த கூத்தை யாரிடமும் சொல்லாதே. பழைய படம் நவம்பர், புதிய படம் மார்ச். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஊரே பாலைவனமாகிவிட்டது என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். மழை மாதத்தையும் காய்ந்த மாதத்தையும் பக்கத்தில் வைத்தால் வேறென்ன தெரியும்? நம் வாத்தியார் ரப்பர் மண்டை மட்டும் பார்த்திருந்தால் என்னை இந்த வயதிலும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

அதைத் திருத்திவிட்டேன். சுவரைப் பற்றித்தான் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மேலே ஒருவர் காட்டேஜ் கட்டப் பொக்லைன் வைத்துச் சரிவை வெட்டினார். அந்த வெட்டு என் சமையலறை அகலம்கூட இருக்காது. 30 மீட்டர் கட்டத்தில் அது தெரியவே தெரியாது. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பக்கம் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்துப் போனார்களே, நீயும் நானும் அந்த வாரம் ஃபோனை வைக்கவே இல்லை, நினைவிருக்கிறதா? அதற்கு முந்தின நாள் படம் எடுத்திருந்தாலும் அந்தச் சரிவுகள் பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகத்தான் எடைபோடுகிறோம். குந்தா பக்கம் கரைகிற மண் பில்லூர் அணையில் போய்ப் படிகிறது. கோவைக்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் போகிறது. உன் தெருவின் கட்டத்தில் எவ்வளவு நலிவு என்று கேட்டால் பாதிப் பதில் இங்கே மேலே இருக்கிறது. என் அட்டவணையில் அதற்கு ஒரு பத்தியே கிடையாது. சேர்க்கலாமா என்று வேலை கொடுத்தவர்களிடம் கேட்டேன். கலர் மேப் வந்தால் போதும் மேடம், திங்கட்கிழமைக்குள் கொடுங்கள் என்றார்கள்.

எனவே இன்று ராத்திரி தூக்கம் கிடையாது. சரிவின் எடையைக் கூட்டி முழுக்கணக்கையும் திரும்ப ஓட்டப்போகிறேன். வெட்டைப் பற்றியும் பில்லூரைப் பற்றியும் தனியாக இரண்டு பக்கம் எழுதி வைப்பேன். படிப்பார்களா என்பது அவர்கள் பாடு.

அம்மா பின்பக்கம் மண்வெட்டியோடு நிற்கிறாள், முழங்காலாவது ஒன்றாவது. நம்ம வீடு மேப்பில் என்ன கலர் என்று நேற்றும் கேட்டாள். இன்னும் சொல்லவில்லை.

மாமா கையில் வர்க்கி கொடுத்தனுப்பியிருக்கிறேன். டப்பாவை இந்தத் தடவையாவது திருப்பிக் கொடு.

உன்,
சரசு