லூப் விற்பவர்களுக்கு: தாளத்தைக் கோப்பிலேயே எழுதிக் கொடுங்கள்

இந்தியத் தாளக் கருவிகளின் லூப் தொகுப்புகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கும், அவற்றை ஓட்டும் இசை மென்பொருள்களைச் செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மும்பையில் ரிதம் புரோகிராமராக வேலை செய்கிறேன். வீடு தாராவியில், ஸ்டுடியோ வேலை பெரும்பாலும் அந்தேரி மேற்கில். சீரியல், விளம்பரம், வெப் சீரீஸ், அவ்வப்போது ஒரு மராத்திப் படம், சென்னையிலிருந்து வந்து சேரும் பாட்டு என்று எல்லாமே செய்கிறேன். உங்கள் தொகுப்புகளைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். திரும்பத் திரும்ப ஓட்டுவதற்கென்று பதிவு செய்த சின்னத் தாளத் துண்டுதான் லூப், அதைப் பாட்டின் வேகத்துக்கு ஏற்ப அடுக்கிக் கோப்பதுதான் புரோகிராமரின் வேலை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு லூப்பிலும் அதன் டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை பீட்), எண்ணிக்கை (ஒரு சுற்றுக்கு எத்தனை), எத்தனை சுற்று, என்ன கருவி ஆகிய நான்கையும் கோப்புக்குள்ளேயும் கோப்பின் பெயரிலும் எழுதிக் கொடுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் நடந்த ஒரு விஷயம். ஒரு விளம்பரப் படத்துக்கு நம் ஊர்த் திருவிழாச் சத்தம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இசையமைப்பாளர் தமிழர். மெட்டை ஆசையாக மிஸ்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் போட்டிருந்தார், டெம்போ 140. புதிதாக வாங்கிய தொகுப்பு ஒன்றைத் திறந்தேன். அட்டையில் பறை, உறுமி, தவில், பம்பை என்று எல்லாம் அச்சிட்டிருந்தது. உள்ளே போனால் ஒரே ஃபோல்டர், அதில் வரிசையாக 'பெர்கஷன் லூப் 001', '002', '003' என்று கீழே போய்க்கொண்டே இருக்கிறது. எது பறை, எது ஏழு, எது நாலு என்பதற்கு ஒரு எழுத்துக்கூட இல்லை.

பின்னால் சோபாவில் டைரக்டரும் விளம்பர நிறுவனத்து ஆட்களும் உட்கார்ந்திருக்க, கீழ் அம்புக் குறியை அழுத்திக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தேன். ஒரு இடத்தில் அருமையான பறை லூப் வந்தது. தகிட தகதிமி, தகிட தகதிமி என்று நான்கு சுற்று. கோப்பின் நீளம் சரியாக 6 நொடி. 140 டெம்போவில், ஒரு பீட்டுக்கு இரண்டு எண்ணிக்கை வீதம், ஏழு எண்ணிக்கையாக நான்கு சுற்று வாசித்தால் கணக்குப்படி 6 நொடிதான் வரும். அதாவது எங்கள் பாட்டுக்கு அப்படியே பொருந்தும், ஒரு மயிரிழை நகர்த்த வேண்டாம்.

ஆனால் கோப்பில் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பதால் மென்பொருள் தானே ஊகித்தது. நாலு பார், அதாவது நாலு சுற்று இருக்கும், ஒவ்வொன்றும் நாலு பீட், மொத்தம் 16 என்று எடுத்துக்கொண்டது. 6 நொடியில் 16 பீட் என்றால் டெம்போ 160. பாட்டு 140-இல் இருப்பதால் அதற்கு ஏற்ப லூப்பை இழுத்து, 6.9 நொடி அளவுக்கு நீட்டி ஸ்பீக்கரில் ஓட்டியது. ஏழு அடியை எட்டு அடிக்கான இடத்தில் பரப்பி வைத்தால் எப்படிக் கேட்கும்? ஒவ்வொரு அடியும் மெட்டை விட்டு வழுகிக்கொண்டே போகிறது. டைரக்டர் இந்தியில், 'வாசித்தவருக்குத் தாளம் நிற்கவில்லையே' என்றார்.

அந்த வார்த்தையை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. அந்தப் பறையை வாசித்தவர் ஒரு அடிகூடப் பிசகவில்லை. நீட்டலை நிறுத்திவிட்டு அப்புறம் தனியாகக் கேட்டேன். இடக்கையின் நீளக் குச்சி இடைவிடாமல் ஓட, வலக்கைக் குட்டைக் குச்சி ஒவ்வொரு சுற்றின் தலையிலும் ஆணி அடித்த மாதிரி விழுகிறது. அப்படி வாசித்த மனிதருக்கு, அவரை யாரென்றே அறியாத ஓர் அறையில், தாளம் தெரியாதவர் என்ற பெயர். காரணம், ஏழு என்ற ஒற்றை எண்ணை யாரோ எழுதவில்லை. நான் விளக்கி முடிப்பதற்குள் பொறுமை போய்விட்டது. நேரம் இல்லை என்று மெட்டையே நாலுக்கு மாற்றி, வேறு ஒரு தொகுப்பிலிருந்து டோல் என்ற வடநாட்டு மேளத்தின் லூப் ஒன்றைப் போட்டு முடித்தார்கள். இசையமைப்பாளர் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார்.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், பதிவு செய்த அன்று இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பறைக் கலைஞரின் காதில் கிளிக், அதாவது டெம்போவைக் காட்டும் டிக் டிக் ஒலி, ஓடியிருக்கும். இல்லாவிட்டால் கோப்பு இத்தனை துல்லியமாக 6 நொடியில் முடியாது. டெம்போ என்ன என்று சவுண்ட் இன்ஜினியர்தான் செட் செய்திருப்பார். ஏழு என்று வாசிப்பவருக்குச் சொல்லியிருப்பார்கள், அல்லது அவர் இவர்களுக்குச் சொல்லியிருப்பார். அத்தனையும் திரையில் இருந்த தகவல். கோப்பாக வெளியே எடுக்கும்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் வரிசை எண்ணைக் கொடுத்து விற்கிறீர்கள். நீங்கள் தூக்கிப் போட்டதை இந்த ஊரில் ஒவ்வொரு புரோகிராமரும் தனித்தனியாக உட்கார்ந்து மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கோப்பில் எழுத இடமில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒலியைச் சேமிக்கும் வேவ் கோப்பு 1991-இல் வந்தபோதே அது துண்டு துண்டாகத் தகவல் வைக்கும் அமைப்பில்தான் வந்தது. தனக்குப் புரியாத துண்டை மென்பொருள் தாண்டிப் போய்விடும், ஒன்றும் கெடாது. 1998-இல் சோனிக் ஃபவுண்டரி வெளியிட்ட ஆசிட் மென்பொருள் அதே வேவ் கோப்புக்குள் டெம்போவையும், மொத்த பீட்டையும், தாளக் குறியின் மேல் எண் கீழ் எண் இரண்டையும் எழுதி வைக்க ஒரு துண்டைச் சேர்த்தது. ஆப்பிள் லூப்ஸ் கோப்பிலும் டெம்போ, தாளக் குறி, கருவி எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டம் காலியாகக் காத்திருக்கிறது. அதில் மேலே 7 என்றும் கீழே 8 என்றும் நிரப்பத்தான் ஆள் இல்லை.

வாங்கியவரே எழுதிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். வேலை முடிந்து அந்தேரியிலிருந்து மாஹிம் வந்து இறங்கி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு லூப்பாகக் கேட்டு, தொடையில் தட்டி எண்ணி, பெயர் மாற்றி வைக்கிறேன். நாற்பது ஐம்பது தாண்டியதும் காது மழுங்கிவிடும், எல்லாம் ஒன்று போலவே கேட்கும். கஞ்சிராவின் மெல்லிய லூப்புக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கும்போது, அடுத்த கோப்பில் தவில் முழு வேகத்தில் காதில் அறையும். ஏனென்றால் ஒலி அளவையும் யாரும் சமன் செய்து வைக்கவில்லை. பெயரை மாற்றினால் இன்னொரு சங்கடம். அந்த லூப்பைப் பயன்படுத்திய பழைய செஷனை, அதாவது அந்தப் பாட்டு வேலையைச் சேமித்த கோப்பை, திறந்தால் கோப்பைக் காணோம் என்கிறது.

சரி, பெயரைத் தொடாமல் மென்பொருளுக்குள் நிறம் போட்டு, குறிச்சொல் போட்டு வைக்கலாம். வைத்தேன். ஆனால் அந்தக் குறிப்பெல்லாம் பல மென்பொருள்களில் கோப்பில் ஏறுவதில்லை, அந்தக் கம்ப்யூட்டரின் பட்டியலில் தங்கிவிடுகிறது. என் ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வேறு ஸ்டுடியோவுக்குப் போனால், அங்கே மறுபடியும் அது 'பெர்கஷன் லூப் 047'தான். அதனால்தான் கோப்புக்குள்ளேயே எழுதுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கோப்பு போகும் இடத்துக்கெல்லாம் தகவலும் கூடவே போக வேண்டும்.

ஏழு மட்டும்தான் தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். நம் பாட்டுகள் பலவற்றில் ஓடும், மூன்று மூன்றாக எண்ணும் திச்ர நடைக்கு, ஸ்டுடியோவில் எல்லோரும் சொல்லும் சிக்ஸ் எய்ட்டுக்கு, இதே தொல்லை வேறு உருவில் வருகிறது. ஆறு எண்ணிக்கையை மூன்று பீட்டாக எடுக்காமல் இரண்டு பீட்டாக எடுத்து, 150-இல் இருக்கும் லூப்பை 100 என்று ஊகித்துக்கொண்டு, 150 செஷனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறது. தாளத்தின் பெயரை மட்டும் போட்டாலும் போதாது, எண்ணும் வேண்டும். ரூபகம் என்று எழுதியிருந்தால் கர்நாடக சங்கீதம் படித்த எனக்கு அது ஆறு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தபலாக்காரருக்கு ரூபக் என்றால் ஏழு. மும்பையில் இரண்டு பேரும் ஒரே அறையில்தான் வேலை செய்கிறோம்.

உறுமியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகல், ஓர் அடியில் தொடங்கி அடுத்த அடிக்குள் ஏறிப் போய்த்தான் அடங்கும். டெம்போவை மாற்றுவதற்காக மென்பொருள் லூப்பைத் துண்டுகளாக வெட்டுவது ஒலி சட்டென்று எழும் இடங்களைப் பார்த்து. தேய்ப்புக்கு அப்படி ஒரு கூர்மையான தொடக்கம் கிடையாது. ஆகவே கண்ட இடத்தில் வெட்டுகிறது, நீட்டினால் முனகல் நடுங்குகிறது. சரியான டெம்போ எழுதியிருந்தால் நீட்ட வேண்டிய அளவு குறையும், ஒலியும் பிழைக்கும். தயாரிப்பவர்களும் லூப்பின் வாலை பார் முடிந்த இடத்தில் நறுக்கென்று வெட்டாமல், முனகல் அடங்கும் வரை தனியாக ஒரு வால் கோப்பு கொடுத்தால் பெரிய உதவி.

கருவியின் பெயரைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. பறையை 'டிரைபல்' ஃபோல்டரில் பார்த்திருக்கிறேன். தவிலை டோல் என்று பார்த்திருக்கிறேன். கிக், ஸ்னேர், ஹைஹாட் என்று மேற்கத்திய டிரம்மின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனி ஃபோல்டர் போடுகிறவர்கள், எங்கள் கருவிகள் அத்தனையையும் 'எத்னிக்' என்ற ஒரே பெட்டியில் கொட்டி வைக்கிறார்கள். தாராவியில் கோயில் கொடை வந்தால் சந்து முனையில் அட்டையைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். தோல் இறுகிவிட்டதா என்று விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் குச்சியை எடுப்பார்கள். அங்கே நிற்கும் பத்து வயதுப் பையன் கண்ணை மூடிக்கொண்டு இது பறை, இது பம்பை என்று சொல்வான். அவன் சொல்லிவிடக்கூடியதை, இதை வைத்து வியாபாரம் செய்யும் நீங்கள் எழுதாமல் விடுவது நியாயமா? வாசித்தவரின் பெயரோ, நான் வாங்கிய தொகுப்புகள் ஒன்றிலும் இல்லை. ராயல்டி ஃப்ரீ, அதாவது பயன்படுத்தும்போதெல்லாம் தனியாகப் பணம் தர வேண்டாம், என்று அட்டையில் பெரிதாக இருக்கிறது. யாருடைய கை என்பது எங்கேயும் இல்லை. ஒரு முறை சம்பளம் கொடுத்துவிட்டால் பெயரைச் சொல்ல வேண்டிய கடமையும் தீர்ந்துவிடுமா?

அது இன்னொரு மடலில் விரிவாகக் கேட்க வேண்டிய கேள்வி. இங்கே நிறுத்திக்கொண்டு என் கோரிக்கைக்கே திரும்புகிறேன்.

மென்பொருள் செய்பவர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். செஷனோடு சேர்த்து, அதே டெம்போவில், அடுத்த பாரின் தலையிலிருந்து லூப்பை ஓட்டிக் காட்டும் வசதியை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். அது இல்லாமல் எங்களால் இன்று வேலையே செய்ய முடியாது, அதற்கு மனமார்ந்த நன்றி. கோப்பில் டெம்போ இல்லாமல் நீங்கள் ஊகிக்கும்போது, இது ஊகம் என்று திரையில் தெரியும்படி காட்டுங்கள். லூப்பை ட்ராக்கில் இழுத்துப் போடுவதற்கு முன்பே, லூப்களைத் தேடிக் கேட்கும் பிரௌசர் பகுதியிலேயே 'இது ஏழு' என்று நான் சொல்ல ஒரு கட்டம் கொடுங்கள். நான் சொன்னதைக் கோப்புக்குள் எழுதி வையுங்கள். ஐந்து, ஆறு, ஏழு என்று எண்ணிக்கையை வைத்துத் தேடவும் வழி செய்யுங்கள்.

தொகுப்பு தயாரிப்பவர்களிடம் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். புதிதாக எதையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. பழைய செஷன்கள் உங்களிடம் இருக்கும், டெம்போவும் தாளமும் அதிலேயே இருக்கும். 'பறை, 7, 140, 4 சுற்று' என்று பெயரில் ஒரு வரி, கோப்புக்குள் அதே தகவல், அவ்வளவுதான். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் திருத்திய தொகுப்பை இலவசமாகக் கொடுங்கள். பழைய பெயருக்கு எது புதிய பெயர் என்று ஒரு பட்டியலும் சேர்த்துக் கொடுத்தால் எங்கள் பழைய செஷன்கள் உடையாது. நான் வாங்கிய தொகுப்பில் பெரும் பகுதிக்கு எண்ணிக்கையும் கருவியும் நானே கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன், பணம் வேண்டாம். உங்களிடம் வாசித்த கலைஞர் ஒருவரைக் கூப்பிட்டு, அவருக்குரிய சம்பளத்தைக் கொடுத்து, அதைச் சரிபார்த்து வெளியிடுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தொகுப்புகளை வாங்கும் ஒரு ரிதம் புரோகிராமர்,
தாராவி, மும்பை