கேட்லினின் தலைமுடி

ஆசிரியருக்கு வணக்கம்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் மூன்றாம் சீசனின் ஒன்பதாவது எபிசோடை மறுபடி பார்த்தேன். 2013 ஜூனில் உலகத்தையே உலுக்கிய அந்த ரத்தக் கல்யாணம்தான். கல்யாண விருந்துக்கு வந்த ராப் என்ற இளம் மன்னனையும் அவன் அம்மா கேட்லினையும் விருந்து கொடுத்த ஃப்ரே குடும்பமே கொல்கிற இடம். 2000இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நாவலில் அந்த அத்தியாயத்தைப் பல தடவை படித்தவள் நான். நடக்கப்போவது தெரிந்தும், ராப்பின் படைத் தலைவர்களில் ஒருவனான ரூஸ் போல்டனின் சட்டைக் கையை கேட்லின் விலக்க, உள்ளே இரும்பு வளையக் கவசம் தெரிகிற இடத்தில் எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது. நாவலில் அந்தக் கை எட்வின் ஃப்ரேயுடையது. சரி, இந்த மாற்றம் நல்லதுதான். கூடவே இருந்தவன் என்பதால் துரோகம் இன்னும் ஆழமாக இறங்குகிறது. கடைசியில் இசையே இல்லாமல் பெயர்கள் ஓடியபோது எழுந்திருக்கவே முடியவில்லை.

ஆனால் ராப்பின் மனைவி விஷயத்தில் மனம் சமாதானமாகவில்லை. நாவலில் ஜெய்ன் அந்த விருந்துக்கே வரவில்லை. தொடரில் அவளுக்குப் பதிலாக வரும் கர்ப்பிணி டலிசாவை வயிற்றிலேயே குத்துகிறார்கள். அவ்வளவு கொடூரம் தேவையா?

அப்புறம், நாவலில் எல்லாமே கேட்லினின் கண் வழியாக நடக்கிறது. மகன் செத்ததும் தன் முகத்தைத் தானே பிறாண்டிக்கொள்கிறாள். கத்தி கழுத்துக்கு வரும்போது, முடியை வெட்டிவிடாதீர்கள், கணவன் நெட்டுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறாள். திரையில் கேட்லினாக நடித்த மிஷெல் ஃபேர்லி வெறித்தபடி நிற்கிறார். நடிப்பில் குறையே இல்லை. ஆனாலும் புத்தகத்தை மூடிவைத்து நான் அழுதது அந்தத் தலைமுடிக்காகத்தான்.

– ஒரு வாசகி, திருநெல்வேலி