வீட்டு வேலை செய்யும் பெண்களின் சங்கம்: 2025 ஆண்டறிக்கை

தலைவி அவர்களே, அக்காமாரே, தங்கச்சிமாரே, வணக்கம்.

இந்த வருடம் கூட்டங்களில் நாங்கள் அதிகம் கதைத்தது ஒரே விடயத்தைத்தான். ஏப்ரல் 1 முதல் இலங்கையின் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 17,500 ரூபாயிலிருந்து 27,000 ஆனது. நாட்கூலி 1,080. செய்தி வந்த அன்றே, "எங்களுக்கும் கூடுமா?" என்று கேட்டுப் பலர் எனக்கு அழைப்பெடுத்தீர்கள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க ஆகக்குறைந்த வேதனச் சட்டம் வீட்டு வேலையாட்களை விலக்கியே எழுதப்பட்டது. தொழிலுக்குத் தொழில் சம்பளம் நிர்ணயிக்கும் சம்பளச் சபையும் எங்களுக்கு இல்லை. ஓய்வுக்காலத்துக்குப் பணம் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதியிலும் இடமில்லை. ஆனால் வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்ய மட்டும் 1871இலேயே கட்டளைச் சட்டம் கொண்டுவந்த நாடு இது.

சட்டத்தில் தொகை இல்லாததால், ஒவ்வொருத்தியும் அந்த வீட்டுக் குசினியில் தனியாக நின்றுதான் சம்பளம் பேச வேண்டும். தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வரும் பிள்ளைக்குத் தரகர் சொன்னதுதான் சம்பளம். தங்கி வேலை செய்தால் சாப்பாட்டையும் படுக்கிற இடத்தையும் காட்டிக் குறைக்கிறார்கள். விடிய ஐந்து மணிக்கு எழும்பி இரவு பத்து மணிவரை நிற்பது யார் கணக்கிலும் வருவதில்லை. பதினொரு வருடம் ஒரே வீட்டில் உழைத்த எங்கள் உறுப்பினர் ஒருவர் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டபோது வீட்டுக்காரர், "சட்டத்தில் இருந்தால் கொண்டுவந்து காட்டு" என்றார்களாம். காட்ட எங்களிடம் ஒரு காகிதமும் இருக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

சரி, செய்தவற்றைச் சொல்கிறேன். வேலை நேரத்தை அன்றன்றே குறித்துவைக்க உறுப்பினர்களுக்குக் கொப்பி கொடுத்தோம். வேலையிலிருந்து நிறுத்தினால், தொழில் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு கூட்டங்களில் அதை விளக்கினோம். கடப்பாடு இல்லாவிட்டாலும், அந்த 1,080 ரூபாய் நாட்கூலியை அளவாக வைத்துப் பேசுங்கள் என்றோம். சில வீடுகளில் கூட்டிக் கொடுத்தார்கள். பல வீடுகளில் ஏச்சுத்தான் கிடைத்தது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

2026 ஜனவரியில் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ஆகிறது. அதற்குள்ளும் நாங்கள் இல்லை. சர்வதேச தொழில் அமைப்பின் 2011ஆம் ஆண்டு 189ஆம் இலக்கச் சமவாயம் (நாடுகளுக்கிடையிலான உடன்பாடு), ஆகக்குறைந்த சம்பளம் உள்ள நாட்டில் அது வீட்டு வேலைக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. அதைக் காட்டி, விலக்கை நீக்கக் கேட்கும் மனுவைத் தொழில் அமைச்சுக்குக் கொடுக்க இன்று தீர்மானம் கேட்கிறேன். மனுவோடு உங்கள் கொப்பிப் பிரதிகளை இணைக்க வேண்டும். எழுத வராதவர்கள் ஞாயிறு பின்னேரம் என்னிடம் வாருங்கள், நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன்.

செயலாளர்