பெயர் தெரியாத நம் பாட்டனுக்கு ஒரு நடுகல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பாஞ்சாலங்குறிச்சிப் போரில் 1801-ஆம் ஆண்டு மே மாதம் உயிர்நீத்த ஒரு படைவீரருக்கு நடுகல் எழுப்புவதற்காக, ஓட்டப்பிடாரம் வட்டாரத்து ஊர்களைச் சேர்ந்த நாங்கள் ஒரு குழுவாகக் கூடியிருக்கிறோம். அவ்வீரரின் பெயர் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் அவர் இறந்த விதம் எழுத்தில் இருக்கிறது. அதுவும் அவரை எதிர்த்துப் போரிட்ட படையைச் சேர்ந்த ஒருவரின் எழுத்தில் இருக்கிறது.

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கி, தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தனர். 1801 பிப்ரவரி 2 அன்று அவர் சிறையிலிருந்து வெளியேறினார். சில நாட்களுக்குள் இடித்த இடத்திலேயே கோட்டை மீண்டும் எழுந்தது. மண்சுவரும், சுற்றிலும் முள்வேலியும், உள்ளே நீண்ட ஈட்டி பிடித்த மக்களுமாக நின்ற அந்தக் கோட்டையை மார்ச் 31 அன்று தாக்கிய கும்பினிப்படை பெருத்த சேதத்தோடு பின்வாங்கியது. கூடுதல் படையும் பீரங்கியும் வந்து சேர்ந்த பிறகே, மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது.

அந்தப் போரில் கும்பினி அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் நம் வீரரின் கடைசி நேரத்தைப் பதிவு செய்திருக்கிறார். கோட்டை விழுந்தபின் வெளியேறிச் சென்றவர்களில் பலர் வழியில் வெட்டுண்டு கிடந்தனர். இரவில் பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தேடிப் பிணங்களுக்கிடையே வந்தபோது, ஒரு தாய் தன் மகனுக்கு இன்னும் மூச்சு இருப்பதைக் கண்டு அவனைத் தூக்க முற்பட்டாள். அந்த மகனோ, தன்னைச் சாகவிட்டுவிட்டு, பக்கத்தில் அடிபட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி அவளிடம் வேண்டிக்கொண்டார். சாமி என்று அவர் சொன்னது ஊமைத்துரையை. பெற்ற மகனை அங்கேயே விட்டுவிட்டு, அந்தத் தாய் ஊமைத்துரையைத் தன் வீட்டுக்குக் கொண்டு சேர்த்தாள். பின்தொடர்ந்து வந்த, கும்பினிக்குத் துணைநின்ற எட்டயபுரத்துப் படையினர் ஊருக்குள் நுழைந்தபோது, பெண்கள் அவரைத் துணியால் மூடிவிட்டு ஒப்பாரி வைத்தனர். அம்மை கண்டு செத்த பிள்ளை என்று கேட்டதும் வந்தவர்கள் அஞ்சி ஓடிவிட்டனர்.

காப்பாற்றப்பட்ட ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரர்களோடு சேர்ந்து போரைத் தொடர்ந்தார். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும், நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர். சில மாதங்கள் நீடித்த அந்தப் போராட்டத்தில் ஊமைத்துரை நின்றது, பெயர் தெரியாத ஒருவர் தன் உயிருக்கு முன்னால் அவர் உயிரை வைத்ததனால்தான்.

அந்தப் போர்களில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பாஞ்சாலங்குறிச்சியிலும் ஓட்டப்பிடாரத்திலும் கல்லறைகள் உள்ளன. அவற்றில் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களை அவர்களுடையவர்கள் மறக்கவில்லை என்பதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டையில் கட்டபொம்மனுக்கும் உரிய சிறப்பு செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் கோட்டைக்குள் ஈட்டி பிடித்து நின்ற எளிய மனிதருக்கு நாம் இன்னும் செய்ய வேண்டியது இருக்கிறது. அவர் எந்த வீட்டுப் பிள்ளை, எந்தச் சாதிக்காரர் என்ற பேச்சு எங்கள் முதல் கூட்டத்திலேயே எழுந்தது. எந்த வீட்டாரும் தனியாக உரிமை கொண்டாட முடியாத அவரை, இந்த வட்டாரத்து ஊர்கள் அனைத்துக்கும் பாட்டனாக ஏற்றுக்கொள்வது என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

நடுகல் ஒரே கருங்கல்லில் ஆறடி உயரத்தில் அமையும். வாள் ஓங்கிய கோலத்தில் வீரரைக் காட்டலாம் என்று சிலர் விரும்பினார்கள். குழு அதை ஏற்கவில்லை. கிடக்கும் மகன், குனிந்து நிற்கும் தாய், மகனின் கை சுட்டும் இடத்தில் ஊமைத்துரை என மூன்று உருவங்களையே செதுக்கும்படி சிற்பியிடம் கூறியிருக்கிறோம். தாயின் உருவமே மற்ற இரண்டையும்விடப் பெரிதாக இருக்கும்; அவள் செய்தது மகன் செய்ததற்குக் குறைந்ததன்று. கீழே நிகழ்ச்சி நான்கு வரிகளில் பொறிக்கப்படும்.

செலவு நான்கு லட்சம் ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறோம். கல்லுக்கும் சிற்ப வேலைக்கும் 2,40,000 ரூபாய். அடித்தளத்துக்கும் மேடைக்கும் 1,60,000 ரூபாய். அடித்தளத்துக்கு இவ்வளவா என்று சிலர் கேட்கிறார்கள். நம் கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். மேலாக நட்ட கல் சில ஆண்டுகளில் சாய்ந்துவிடும் என்பதால், கரிசலுக்குக் கீழே கெட்டியான தரை வரை தோண்டி அடித்தளம் போட வேண்டியிருக்கிறது. உள்ளூரில் இதுவரை 1,15,000 ரூபாய் சேர்ந்துள்ளது. மீதி 2,85,000 ரூபாய்க்காகவே, வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் நம் வட்டாரத்து மக்களையும், இந்த வரலாற்றை மதிக்கும் அனைவரையும் நாடுகிறோம்.

நூறு ரூபாயானாலும் நன்றியோடு பெற்றுக்கொள்வோம். பணமாகத் தர இயலாதவர்கள் சிமெண்டு, மணல், ஜல்லி ஆகியவற்றைத் தரலாம். ஒரு நாள் உழைப்பையும் தரலாம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தரப்படும். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டப்படும். வீரரின் பெயரே இல்லாத கல்லில் நன்கொடையாளர் பெயரைப் பொறிப்பது முறையாகாது என்பதால், எவ்வளவு பெரிய தொகை தந்தாலும் கல்லில் பெயர் இடம்பெறாது என்பதை முன்கூட்டியே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

வரும் மே 24 அன்று, கோட்டை வீழ்ந்த நாளில், கல்லை நட்டுப் பொங்கலிட எண்ணியிருக்கிறோம். அதற்கு முன் சிற்பிக்கு முன்பணம் தர வேண்டியிருப்பதால், தங்கள் நன்கொடையைத் தை மாத இறுதிக்குள் வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நடுகல் அமைப்புக் குழுவினர்