கார்த் திருட்டும் கார்டியாக்கும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சிவராமா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வழக்கம்போல ஊர்வம்பையும் உடம்பையும் ஒரே பத்தியில் போட்டுக் குழைத்து அனுப்பியிருக்கிறாய். பக்கத்து வீட்டுக்காரரின் கார் விடிவதற்குள் காணாமல் போன கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, கண்ணாடி உடையாமலும் அலாரம் அலறாமலும் போய்விட்டதால் அதற்கு வந்தது ‘சைலன்ட் அட்டாக்’தான் என்று நீயே நோயையும் கண்டுபிடித்துவிட்டாய். அதோடு நில்லாமல், கார்டியாக், கார்சினோமா, கார்ட்டிலேஜ், கார்ப்பல் டனல் என்று கார் என்னும் ஓசையில் தொடங்கும் சொற்களையெல்லாம் வரிசைப்படுத்தி, இவற்றை மெக்கானிக் பார்க்க வேண்டுமா, டாக்டர் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். முதலாவது இதயம், இரண்டாவது புற்று, மூன்றாவது குருத்தெலும்பு. நான்காவது மணிக்கட்டில் நரம்பு நெரிபடும் தொல்லை. நீ நினைப்பதுபோல் சுரங்கப்பாதையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு வருவதன்று.

காரைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலேயே கதவு திறக்கும் வகைக் கார் அது என்று நீ குறிப்பிட்டிருப்பதால், திருட்டு நடந்த விதத்தை ஊகிப்பது கடினமன்று. அத்தகைய காரின் கைப்பிடியைத் தொட்டவுடன், அது குறைந்த அதிர்வெண் கொண்ட ரேடியோ அலை ஒன்றை வெளியிட்டு, ‘என் சாவி அருகில் இருக்கிறதா?’ என்று கேட்கும். அந்தக் கேள்வி ஓரிரு மீட்டருக்கு மேல் செல்லாது. அந்தச் சிறு எல்லையையே பாதுகாப்பு என்று அதை வடிவமைத்தவர்கள் நம்பினார்கள். சாவியோ தன் பதிலை வேறோர் உயர் அதிர்வெண்ணில் அனுப்புகிறது. அது சுவரைத் தாண்டிப் பல மீட்டர் தூரம் எளிதாகப் போய்விடும். எனவே திருடர்கள் கேள்வியை மட்டும் சுமந்துகொண்டு போனால் போதும். ஒருவன் காருக்கு அருகில் நின்று கைப்பிடியைத் தொட, அவனிடம் இருக்கும் கருவி காரின் கேள்வியை வாங்கி, வாசற்கதவை ஒட்டி வளைய ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டாளிக்கு அனுப்ப, அவன் அதைப் பெருக்கி உள்ளே மேசைமேல் கிடக்கும் சாவியின் காதில் போட, சாவியும் தன் எசமானர் காருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று எண்ணி உரிய பதிலை அனுப்பிவிடுகிறது.

இதில் எந்தச் சங்கேதமும் உடைக்கப்படவில்லை என்பதைக் கவனி. கேள்வியும் உண்மை, பதிலும் உண்மை. தூரம் மட்டுமே பொய். உடைமையாளரே வந்து திறந்துவிட்டார் என்று கார் மனதார நம்புவதால் அலாரம் அலறக் காரணமே இல்லை. ஒருமுறை இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டால், பிறகு சாவி அருகில் இல்லாவிட்டாலும் கார் எச்சரிக்கை காட்டுமே தவிர நின்றுவிடாது. ஓடும் கார் நடுச்சாலையில் திடீரென நிற்பது அதைவிட ஆபத்து என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. ஆகவே திருடன் போய்ச் சேர வேண்டிய இடம் வரும்வரை இயந்திரத்தை அணைக்க மாட்டான். சில சமயம் அவன் வெகுதூரம்கூடப் போவதில்லை. நாலைந்து தெரு தள்ளி நிறுத்திவிட்டு, காரில் இருப்பிடம் காட்டும் கருவி இருந்து யாராவது தேடி வருகிறார்களா என்று ஓரிரு நாள் பார்த்துவிட்டுப் பிறகே எடுத்துச் செல்வதும் உண்டு. இதை உன் பக்கத்து வீட்டுக்காரரிடம் உடனே சொல். அக்கம்பக்கத் தெருக்களை ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொல்.

இந்த ஓட்டை புதிதும் அன்று. சூரிச்சில் உள்ள இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இலேயே எட்டு நிறுவனங்களின் பத்துக் கார் மாடல்களை இம்முறையில் சோதித்து, பத்தையும் திறந்து காட்டிவிட்டார்கள். ஜெர்மனியின் ஏடிஏசி வாகன ஓட்டுநர் சங்கம் 2016 முதல் நூற்றுக்கணக்கான மாடல்களைச் சோதித்து வந்திருக்கிறது; அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஏமாந்தன. ஏமாறாத சிலவற்றின் இரகசியம், பதில் சரியா என்பதோடு, அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் அளப்பதே. ரேடியோ அலை ஒரு நானோ வினாடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மட்டுமே செல்லும். நடுவில் தரகர் புகுந்தால் நேரம் கூடிவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

வேறு சில திருடர்கள் சாவியின் பக்கமே போவதில்லை. இங்கிலாந்தில் வாகனப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரின் காரே 2022 இல் களவு போயிற்று. அதற்கு முன்பு பம்பர் பெயர்க்கப்பட்டு முன்விளக்கின் இணைப்பு கழற்றப்பட்டிருந்ததை யாரோ செய்த விஷமம் என்றே அவர் எண்ணியிருந்தார். உண்மையில் அது ஒத்திகை. விளக்குக்குச் செல்லும் கம்பிகள் காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்பின் பகுதி என்பதால், அதன் வழியாகச் ‘சரியான சாவி வந்துவிட்டது’ என்ற பொய்ச்செய்தியை உள்ளே அனுப்பிவிட முடிந்தது. அதற்கான கருவி சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கரின் கூட்டுக்குள் ஒளித்து விற்கப்பட்டது என்பது பிறகு தெரியவந்தது. திருடன் பாட்டுக் கேட்கிறான் என்று போலீஸ்காரர் விட்டுவிடுவார் அல்லவா!

நுட்பம் மிகுந்ததால்தான் தொல்லை என்று நீ முடிவு கட்டிவிடாதே. அமெரிக்காவில் 2022 இல் கியா, ஹூண்டாய் கார்கள் ஆயிரக்கணக்கில் திருடு போனதற்குக் காரணம் நேரெதிரானது. பழைய வகைச் சாவியைத் திருகி ஓட்டும் பல மாடல்களில், சாவிக்குள் இருக்கும் சில்லின் குறியீடு பொருந்தினால் மட்டுமே இயந்திரத்தை இயங்கவிடும் இம்மொபிலைசர் வைக்கப்படவே இல்லை. சாவித்துளையின் உறையைப் பெயர்த்துவிட்டு, உள்ளே இருப்பதை யூஎஸ்பி கம்பியின் முனையைக்கொண்டு திருகிச் சிறுவர்கள் ஓட்டிச் சென்றார்கள். பக்கத்து நாடான கனடாவில் 2007 முதல் அந்தக் கருவி கட்டாயம் என்பதால் அதே நிறுவனங்களின் கார்கள் அங்கே இந்தத் தொற்றுக்குத் தப்பின. சட்டம் ஒரு தடுப்பூசிபோல் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உன் காருக்கும் அதே வகைச் சாவிதான் என்பதால், அலையைத் தடுக்கும் உறை ஒன்றை வாங்கிக்கொள், வாங்கியவுடன் நம்பிவிடாதே. சாவியை உறைக்குள் போட்டு மூடி, கையில் பிடித்துக்கொண்டு காரின் கதவருகே நின்று கைப்பிடியை இழுத்துப் பார். கதவு திறந்தால் அந்த உறை வெறும் பைதான். நீ பெருமையாக எழுதியிருக்கும் தகர டப்பாவையும் இப்படியே சோதி. மூடியின் விளிம்பில் மெல்லிய இடைவெளி இருந்தாலும் அலை கசிந்துவிடக்கூடும். நல்ல உறைகூட மடித்து மடித்துப் பயன்படுத்தும்போது உள்ளிருக்கும் உலோக இழை அறுந்து பயனற்றுப் போவதால், அவ்வப்போது மறுபடியும் சோதிக்க வேண்டும். ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டைப் பார்த்து நீ சிரிக்கிறாய். எந்த அலைக்கும் ஏமாறாதது அது ஒன்றுதான்.

இனி உன் உடம்புக்கு வருகிறேன். ஸ்கேன் அறிக்கையில் உன் கல்லீரல், மண்ணீரல், கணையம் மூன்றையும் ‘அன்ரிமார்க்கபிள்’ என்று எழுதிவிட்டார்கள், அறுபது ஆண்டு உழைத்த உறுப்புகளுக்கு ஒரு பாராட்டுக்கூட இல்லையா என்று கோபித்துக்கொண்டிருக்கிறாய். கதிரியக்க மருத்துவரின் வாயிலிருந்து வரக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு அதுவே; குறிப்பிட்டுச் சொல்லும்படியான கோளாறு எதுவும் கண்ணில் படவில்லை என்று பொருள். ‘கிராஸ்லி நார்மல்’ என்றிருப்பதும் உன்னைத் திட்டுவதன்று. மேலோட்டமாகப் பார்த்த அளவில் சரியாக இருக்கிறது என்பதே அது. ‘நெகட்டிவ்’ என்று வந்ததற்கு முகம் வாடியவர்களையும் ‘பாசிட்டிவ்’ என்றதற்கு மகிழ்ந்தவர்களையும் நாம் இருவருமே பார்த்திருக்கிறோம்.

ஆனால் உன் கேலிக்குள் ஒரு நியாயமான புகார் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். காரைத் திருடன் ஏமாற்றுவதுபோலவே, ஒத்த ஓசையுள்ள சொற்கள் நம் காதை ஏமாற்றிவிடுகின்றன. அப்படி ஏமாறுவதைக் கேட்பவனின் குறை என்று நான் சொல்ல மாட்டேன், பெயர் வைத்தவனின் குறை என்றே சொல்வேன். உன் மைத்துனருக்கு வந்தது மாரடைப்பா, இதயம் நின்றுபோனதா, இதயச் செயலிழப்பா என்று உன் கடிதத்தின் மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதியிருக்கிறாய். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் ஏற்படும் அடைப்பு. நோயாளி வலியோடு, வியர்வையோடு, நினைவு தப்பாமல் நம்மிடம் பேசிக்கொண்டிருக்கக்கூடும். இதயம் நின்றுபோவது மின்னோட்டக் கோளாறு. சில வினாடிகளில் நினைவு தப்பிவிடும், உடனே மார்பை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் காக்காவிட்டால் உயிர் தங்காது. மாரடைப்பு முற்றி அதில் முடியலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மூன்றாவதோ, பெயரைக் கேட்டால் எல்லாம் முடிந்துவிட்டதுபோல் தோன்றினாலும், இதயம் இரத்தத்தை இறைக்கும் வலிமை குறைந்திருப்பதைத்தான் குறிக்கிறது. மருந்தோடு பல ஆண்டுகள் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார் என்று நீ எழுதியிருப்பதை வைத்து, மூன்றில் எது வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம்மிடம் பக்கவாதம் மூளையின் இரத்தக் குழாயைச் சேர்ந்தது. முடக்குவாதம் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்குவது. இளம்பிள்ளைவாதம் ஒரு வைரஸின் வேலை. மூன்றுக்கும் ஒரே குடும்பப் பெயரைச் சூட்டிவிட்டு, ‘அவருக்கு வாதம்’ என்று சொல்லிவிடுகிறோம். பெரியம்மையும் சின்னம்மையும் அண்ணன் தம்பி என்று நீ இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாய். பெயரைத் தவிர அவற்றுக்குள் உறவே இல்லை. பெரியவரை உலகிலிருந்தே ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980 இல் அறிவித்துவிட்டது, சின்னவர் வேறு வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால் இன்றும் நடமாடுகிறார். ஆனால் ஓரிடத்தில் தமிழே மேல். ஹைப்போகிளைசீமியா, ஹைப்பர்கிளைசீமியா இரண்டும் அவசரத்தில் ஒன்றுபோலவே காதில் விழும். முன்னதற்கு உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும், பின்னதற்குக் கொடுக்கவே கூடாது. சர்க்கரை குறைந்துவிட்டது, கூடிவிட்டது என்று சொன்னால் எந்தக் கிழவனுக்கும் குழப்பம் வராது.

மருந்துகளின் பெயர்களில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் லோசெக் என்ற மருந்து, நீரை வெளியேற்றும் லேசிக்ஸோடு குழம்பியதால், 1990 இல் அமெரிக்காவில் ப்ரைலோசெக் என்று பெயர் மாறியது. மனச்சோர்வுக்கான பிரின்டெலிக்ஸ், இரத்தம் உறையாமல் தடுக்கும் பிரிலின்டாவோடு குழம்பியதால் 2016 இல் அங்கே டிரின்டெலிக்ஸ் ஆயிற்று. மூட்டுவலிக்கு செலிப்ரெக்ஸ், வலிப்புக்கு செரிபிக்ஸ், மனச்சோர்வுக்கு செலெக்ஸா என்று மூன்றையும் அடுத்தடுத்த தட்டில் வைத்திருக்கும் மருந்தாளுநரின் நிலைமையை எண்ணிப்பார். இன்சுலின் அளவுக்குப் பின்னால் ‘யூனிட்’ என்பதற்கு அடையாளமாக எழுதப்படும் ஆங்கில யூ எழுத்து, அவசரக் கையெழுத்தில் சுழியமாகத் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகிவிடும் என்பதால், அங்குள்ள மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004 இல் அதை எழுதவே கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது.

இதே ஞானம் கார்க்காரர்களுக்கு முன்னதாகவே வந்துவிட்டது என்பதுதான் எனக்கு வேடிக்கை. ஒவ்வொரு காருக்கும் உரிய 17 இலக்க அடையாள எண்ணில் ஆங்கிலத்தின் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளும் இடம்பெறுவதில்லை. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பிவிடும் என்று முன்கூட்டியே விலக்கிவிட்டார்கள். வண்டியின் எண்பலகையை மாற்றிவிடும் திருடனையும் பல நேரங்களில் அந்த அடையாள எண்தான் காட்டிக்கொடுக்கிறது.

கார் திருடுகிறவனுக்குக் கிளெப்டோமேனியா என்ற நோய் இருக்குமோ என்று பரிவோடு கேட்டிருக்கிறாய். அந்த நோயாளி தனக்குத் தேவையே இல்லாத பொருளை, அடக்க முடியாத உந்துதலால், திட்டமிடாமல் எடுப்பவர். ஆன்டெனாவோடும் கூட்டாளியோடும் நள்ளிரவில் வந்து, உதிரிபாகங்களுக்கு வாங்குவோரையும் முன்பே பேசி வைத்திருப்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. காரை விட்டுவிட்டு, புகையின் நச்சைக் குறைப்பதற்காக அடியில் இருக்கும் வினையூக்கி மாற்றியை மட்டும் அறுத்துக்கொண்டு போகிறவனும் அப்படியே. அதில் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றின் விலை அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பிளாட்டினமே சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்திலும் இருக்கிறது என்பதை, காரையும் மருத்துவத்தையும் முடிச்சுப்போடும் உன் பொழுதுபோக்குக்கு என் பங்காக வைத்துக்கொள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் சொல். இன்சூரன்ஸ்காரர்கள் காரோடு வந்த இரண்டு சாவிகளையும் பொதுவாகக் கேட்பார்கள். இரண்டாவது எங்கே என்று இப்போதே தேடி வைக்கட்டும். மைத்துனரின் டிஸ்சார்ஜ் தாளில் நோயின் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதி அனுப்பு. தொலைபேசியில் சொல்லாதே, உன் உச்சரிப்பில் டிஸ்ஃபேஜியாவும் டிஸ்ஃபேசியாவும் ஒன்றாகிவிடும், அவரால் விழுங்க முடியவில்லையா, பேச முடியவில்லையா என்று தெரியாமல் நான் இங்கே விழித்துக்கொண்டிருப்பேன்.

என்றும் அன்புடன்,
கதிரேசன்