மகள் சொன்னதுதான் சரி

தாராபுரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சில நாட்களாகிவிட்டன. பதில் தாமதமானதற்கு என் முழங்கால்தான் காரணம். வீட்டில் எல்லோரும் நலம். அமராவதியில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், சுற்றுவட்டாரத்தில் நடவு மும்முரமாக நடக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் வாசலில் ஒரு கன்றுக்குட்டியாவது நிற்கிறது. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இத்தனை காலம் நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணைகளைச் சுற்றிவிட்டு, இப்போது மகளோடு சேர்ந்து கோவையில் நாய், பூனைகளுக்கு மருத்துவமனை திறந்திருக்கிறாய் என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு கொட்டகைக்கே தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலந்து பழகிய கை, மூன்று கிலோ பொமரேனியனைப் பிடித்து ஊசி போடும்போது கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

விஷயத்துக்கு வருகிறேன். தடுப்பூசி போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் அந்தப் பக் நாய் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு விழுந்ததையும், உன் மகள் நேராக அட்ரினலினை எடுத்ததையும், நீ "முதலில் அவிலும் டெக்சாவும் போடு" என்று, ஒவ்வாமையை அடக்கும் ஊசியையும் ஸ்டீராய்டையும் கேட்டு, சத்தம் போட்டதையும் எழுதியிருந்தாய். நாய் பிழைத்துக்கொண்டது, ஆனால் வாக்குவாதம் இன்னும் முடியவில்லை, நீயே தீர்ப்புச் சொல் என்கிறாய். சொல்லிவிடுகிறேன். நான் உன் மகள் பக்கம்.

முகம் வீங்கவில்லை, தோலில் தடிப்பு இல்லை, அதனால் ஒவ்வாமை என்றே தோன்றவில்லை என்பது உன் வாதம். நாயிடம் அந்த அடையாளத்தை எதிர்பார்க்கக் கூடாது. அனஃபிலாக்சிஸில், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமையில், நாய்க்கு முதலில் அடிபடுவது கல்லீரலும் குடலும். கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் வழி இறுகிப்போய், வயிற்றுப் பகுதியிலேயே ரத்தம் தேங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்து, நாய் தள்ளாடி விழுகிறது. தோலில் ஒன்றுமே தெரியாமல் வாந்தி, பேதி, வெளுத்த ஈறு, சரிவு என்று வரலாம். பூனைக்கும் மாட்டுக்கும் பெரும்பாலும் நுரையீரலில் பிடிக்கும், மூச்சு வாங்கும். இந்த நோய்க்குப் பெயர் கிடைத்ததே நாய்களால்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிஷே, போர்ட்டியே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் இருவரும் கடல் அனிமோன் என்ற கடலுயிரின் நஞ்சை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் முறை தாங்கிக்கொண்ட நெப்டியூன் என்ற நாய், சில வாரம் கழித்து அதே சிறிய அளவை மறுபடி கொடுத்ததுமே மூச்சிரைத்து, பேதியாகி, ரத்தவாந்தி எடுத்து, அரை மணி நேரத்துக்குள் செத்துப்போனது. அந்த ஆராய்ச்சிக்காக ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. உன் பக் நாய்க்கு வந்ததும் அதே வாந்தி, அதே பேதிதான்.

இனி உன் அவிலுக்கும் டெக்சாவுக்கும் வருகிறேன். அவில், ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமைப் பொருள் போய் ஒட்டும் இடத்தில் ஒரு பகுதியை மட்டும் அடைக்கிறது. சரிந்துபோன ரத்த அழுத்தத்தை அது தூக்கி நிறுத்தாது. டெக்சா வேலை செய்யத் தொடங்குவதற்குள் மணிக்கணக்கில் நேரம் ஓடிவிடும். அட்ரினலின் ஒன்றுதான் விரிந்துபோன ரத்தக்குழாயை இறுக்கி, இதயத்தை முடுக்கி, மூச்சுக்குழலைத் திறந்து, அதோடு ஹிஸ்டமினைச் சேர்த்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்கள் மேலும் ஹிஸ்டமினைக் கொட்டாமலும் தடுக்கிறது. மற்ற இரண்டையும் பிறகு போட்டுக்கொள்ளலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் ஊசி எது என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு, முகம் வீங்கி, தோல் தடித்து, மற்றபடி வாலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட் தின்னும் நாய்க்கெல்லாம் அட்ரினலினைத் தூக்கிவிடாதே. அதற்கு உன் அவிலே போதும், கண்காணித்தால் சரி.

அட்ரினலின் ஆபத்தான மருந்து என்ற உன் பயம் பொய் இல்லை. ஆனால் ஆபத்து எங்கே என்பதைத்தான் தவறாகப் பிடித்திருக்கிறாய். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற ஒரே எண்தான் இரண்டு இடத்திலும் வருகிறது. ஒவ்வாமையில் சரிந்த நாய்க்கு அதைத் தொடைத் தசையில் போடுகிறாய். இதயம் நின்றுவிட்ட நாய்க்கு அதே அளவை ரத்த நரம்பில் போடுகிறாய். எண் ஒன்றாக இருப்பதால் பதற்றத்தில் வழி மாறிவிடுகிறது. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு அந்த முழு அளவையும் ஒரே தள்ளலில் நரம்பில் ஏற்றினால் ரத்த அழுத்தம் தலைக்கேறி, இதயத் துடிப்பு தாறுமாறாகி, நுரையீரலில் நீர் கோத்துவிடலாம். இதயம் துடிக்கும்வரை தசை, நின்ற பிறகு நரம்பு என்று வைத்துக்கொள். துடிக்கும் இதயத்துக்கு நரம்பு வழியாகக் கொடுக்க வேண்டிய கட்டம் உண்டுதான். தசையில் போட்டும் எழாத நாய்க்கு அதில் ஒரு பங்கை மட்டும், நீர்த்து, மெதுவாக, ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். அந்த வேலையை மகளிடமே விட்டுவிடு.

அளவு பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் அட்ரினலின் ஆம்பூலில், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியில், ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம் இருக்கிறது. பத்து கிலோவுக்கு 0.1 மில்லி, நூறு கிலோவுக்கு 1 மில்லி. மாட்டு டாக்டருக்கு இது சுகமான கணக்கு, 300 கிலோ ஜெர்சி கலப்புக்கு 3 மில்லி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம். உன் பொமரேனியனுக்கோ 0.03 மில்லி. அதை எந்த சிரிஞ்சில் அளப்பாய்? ஊசி முனையில் தங்குவதே அவ்வளவு இருக்கும். நான் செய்வது இதுதான். பத்து மில்லி சிரிஞ்சில் 9 மில்லி சலைன் எடுத்து, அதிலேயே ஒரு ஆம்பூலை முழுவதும் இழுத்து, இரண்டு முறை கவிழ்த்துக் கலந்துவிடுவேன். இப்போது ஒரு மில்லியில் 0.1 மில்லிகிராம்தான் இருக்கும், பொமரேனியனுக்கு 0.3 மில்லி. கோடு தெளிவாகத் தெரியும். சிரிஞ்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிச் சிவப்பு மையில் 'அட்ரினலின், பத்தில் ஒன்று' என்று எழுதிவிடு. எழுதாத சிரிஞ்சு மேசையில் கிடந்தால் அடுத்தவன் அதைச் சலைன் என்று நினைத்து நரம்புக் குழாயைக் கழுவப் பயன்படுத்திவிடுவான். கலந்ததை அன்றைக்கே கொட்டிவிடு, மறுநாளுக்கு வைக்காதே.

இன்னொன்று. சின்ன நாய்க்கென்று இன்சுலின் சிரிஞ்சை எடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நம் கடைகளில் 40 யூனிட் சிரிஞ்சும் கிடைக்கிறது, 100 யூனிட் சிரிஞ்சும் கிடைக்கிறது. ஒன்றில் 0.1 மில்லி என்பது 4 யூனிட் கோடு, மற்றதில் 10 யூனிட் கோடு. பதற்றத்தில் "பத்துக் கோடு" என்று 40 யூனிட் சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். மில்லிக் கோடு போட்ட ஒரு மில்லி சிரிஞ்சை மட்டும் அவசரப் பெட்டியில் வை, மற்றதை அங்கே அண்டவிடாதே. அட்ரினலின், அட்ரோபின் இரண்டும் ஒரே அளவு சின்னக் கண்ணாடி ஆம்பூலாக, பெயரும் 'அட்' என்று தொடங்கும்படி வந்து தொலைக்கின்றன. இரண்டையும் ஒரே குழியில் போடுகிற புத்திசாலிகளை நான் பார்த்திருக்கிறேன்.

தசையில் போட்ட பிறகு ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பார்த்து, போதவில்லை என்றால் மறுபடி போடலாம். ரத்தத்தில் அது சில நிமிடங்களில் அழிந்துவிடும். கூடவே ஆக்சிஜன் கொடு, சலைனை வேகமாக ஏற்று. நாய்க்குக் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி என்று ஆரம்பித்துப் பார்த்துக்கொண்டே போகலாம். அட்ரினலின் இறுக்கிய குழாய்க்குள் ஓட ஏதாவது இருக்க வேண்டுமே! எழுந்து நடந்துவிட்டது என்று உடனே வீட்டுக்கு அனுப்பிவிடாதே, சில மணி நேரம் கழித்து மறுபடி சரியலாம். ஓர் இரவு வைத்திருப்பதே நல்லது.

இதயம் நின்றுவிட்டால் என்ன என்றும் கேட்டிருந்தாய். நாம் படித்த காலத்தில் நீண்ட ஊசியை விலாவுக்கு நடுவே இதயத்துக்குள்ளேயே இறக்கச் சொல்வார்கள், அதை மறந்துவிடு. அமுக்கிக்கொண்டிருக்கும் கையை அதற்காக நிறுத்த வேண்டியிருக்கும், இதயத்தையும் நுரையீரலையும் கிழித்துவிடவும் கூடும். ரெக்கவர் என்ற குழு 2012இல் நாய், பூனைகளுக்கென்று உயிர்ப்பிக்கும் முறைகளை வகுத்து, 2024இல் திருத்தியது. நெஞ்சு அமுக்குவதுதான் முதல் வேலை, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். அட்ரினலின் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, கிலோவுக்கு அதே 0.01 மில்லிகிராம்தான். நேரமானால் பத்து மடங்காகக் கூட்டலாம் என்று 2012இல் ஓர் இடம் விட்டிருந்தார்கள். இப்போது அதையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். நேரத்தைச் சத்தமாகச் சொல்ல ஓர் ஆளை வைத்துக்கொள், வரவேற்பறைப் பெண்ணே போதும்.

முன்பே போட்டிருக்கும் மருந்தையும் கேட்டுக்கொள். அசிப்ரோமசின், ட்ரைஃப்ளூப்ரோமசின் போன்ற அமைதிப்படுத்தும் மருந்துகள் உடம்பில் இருந்தால் ரத்தக்குழாயை இறுக்கும் வேலை தடைபட்டு, அட்ரினலின் அழுத்தத்தை மேலும் கீழே இழுக்கலாம். ஹாலோதேன் மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு அது துடிப்பைக் குலைக்கும்.

என் பக்கத்து அனுபவம் பெரும்பாலும் கோமாரித் தடுப்பூசி முகாம்களில்தான். ஊசி போட்ட சில நிமிடங்களில் மாடு நடுங்கும், இமையும் மடியும் வீங்கும், எச்சில் ஒழுக மூச்சு வாங்கும். சினை மாடு என்று அட்ரினலின் போடத் தயங்குவார்கள். தாய் செத்தால் கன்று மட்டும் எப்படி இருக்கும்? முகாமுக்குப் போகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, ஆம்பூலை வண்டிப் பெட்டியில் வெயிலில் வறுக்காதே, ஐஸ் கட்டியோடு ஒட்டியும் வைக்காதே என்பதுதான். இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் தூக்கி எறி. ஒன்று சொன்னால் ரசிப்பாய். ஜெர்சி மாடுகளில் சிலவற்றுக்குத் தன் பாலே ஒவ்வாமை. கறவையை நிறுத்தும்போது மடியில் தேங்கிய பாலின் கேசீன் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் தடித்துவிடும். பாலைக் கறந்துவிட்டால் பாதி வியாதி போய்விடும்.

கோவையைச் சுற்றித் தோட்டங்களில் வளரும் நாய்கள் உன்னிடம் பாம்புக்கடியோடு வரும், அதற்கும் தயாராக இரு. நம்மிடம் இருப்பது குதிரையிலிருந்து எடுத்த பாம்பு விஷமுறிவு மருந்து, அதுவே ஒவ்வாமை தரக்கூடியது. சொட்டு ஏற்றத் தொடங்கும் முன்பே அந்த நாயின் எடைக்கான அட்ரினலினை இழுத்து, பெயரெழுதிப் பக்கத்தில் வைத்துவிடு. இலங்கையில் மனிதர்களிடம் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2011இல் வெளியிட்டார்கள். விஷமுறிவு மருந்துக்கு முன்னால் கொஞ்சம் அட்ரினலினைத் தோலடியில் கொடுத்ததில் கடுமையான ஒவ்வாமை நன்றாகக் குறைந்தது. அவில் இனத்துப் புரோமெதசினும் டெக்சா இனத்து ஹைட்ரோகார்டிசோனும் அப்படிக் குறைக்கவில்லை. உன் அவில்-டெக்சா பக்தியோடு இதையும் சேர்த்துப் படி. அதற்காக எல்லா நாய்க்கும் முன்கூட்டியே போடு என்று சொல்லவில்லை. அது மனிதர்களின் கணக்கு.

என் யோசனை இவ்வளவுதான். கிலோவுக்கு எத்தனை மில்லி என்று 2, 5, 10, 20, 40 கிலோவுக்குக் கணக்குப் போட்டு, நீர்த்தது, நீர்க்காதது இரண்டுக்கும் தனித்தனிப் பத்தியாக எழுதி, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவிடு. வரும் ஒவ்வொரு நாயையும் வாசலிலேயே எடை போட்டு அட்டையில் குறித்துவிடு. நாய் விழுந்த பிறகு கணக்குப் போடுவதற்கு உனக்கும் வயதாகிவிட்டது, எனக்கும் வயதாகிவிட்டது.

தை முடிந்து அங்கே வருவதாக இருக்கிறோம், முழங்கால் விட்டால். அந்தப் பக் நாயை அன்று மகள் அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது பித்தப்பைச் சுவர் வீங்கி வளையம் போலத் தெரிந்தது என்று எழுதியிருந்தாயே, அந்தப் படத்தை அனுப்பச் சொல். புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்