பென்சிலும் நிலமும்

ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்கா என்றாலே நமக்கு மண்டேலாவும், எல்லா இனத்தவரும் வாக்களித்த 1994 தேர்தலும்தான் நினைவுக்கு வரும். அதோடு நிறவெறி ஒழிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஒழியவில்லை.

1950ல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பிரித்தது. சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். வழுக்கி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் இல்லை. எந்தத் தெருவில் குடியிருக்கலாம், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்பதெல்லாம் இந்தப் பிரிவை வைத்துத்தான். வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை, தோல் கறுப்பாக இருக்கிறது என்று 1966ல் பள்ளியை விட்டே அனுப்பினார்கள். பெற்றவர்கள் ஓர் இனம், மகள் வேறு இனம்! படிக்கும்போதே வயிறு எரிகிறது.

அந்தச் சட்டம் 1991ல் நீக்கப்பட்டது. சரி, நிலம்? 2017 அரசுக் கணக்கெடுப்பின்படி, தனிநபர்களிடம் உள்ள விவசாய நிலத்தில் 72 சதவீதம் வெள்ளையர் கையில். மக்கள்தொகையில் அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிற மோகமும் போகவில்லை: தோலை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோன் என்ற ரசாயனம் கலந்த சிவப்பழகு களிம்புகளை 1990லேயே தடைசெய்த நாட்டில், இன்றும் அவை திருட்டுத்தனமாக விற்கின்றன.

தேர்தல் நேரத்தில் மட்டுமல்லாமல், அங்குள்ள நிலப் பிரச்சினை பற்றியும் தொடர்ந்து எழுதுங்கள்.

ஒரு வாசகர்,
மதுரை